மழைக்கு டிக்கெட் போட்டவள்

“சேலம் போன்னு ரயிலேத்தி உட்டா ஜோலார்பேட்டையில போய் நின்னவ இவ. இவ நம்மளக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போயி, திரும்ப வூடு கொண்டாந்து சேர்த்துருவாளாக்கும்?”

சொன்னவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. குற்றச்சாட்டு உண்மைதான். கல்லூரியின் முதல் நாள் பொம்மிடி ஸ்டேஷனில் எதிர்த்திசை ரயிலில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த பெருமையில் ஜோலார்பேட்டை வரைக்கும் போய்விட்டேன். அதற்கப்புறம் புவியியலில் பட்டம் வாங்கினேன், பி.எட். முடித்தேன், ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு டீச்சரும் ஆனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆளே நான்தான். எல்லாம் இருந்தும் அத்தைக்கு நான் ஜோலார்பேட்டைக்காரிதான். (அன்றைக்கு நான் சேரப் போனதே புவியியல் வகுப்பில் என்பது இன்றுவரை அத்தைக்குத் தெரியாது. தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.)

விஷயம் இதுதான். விசாகப்பட்டினத்தில் வானிலை பற்றிய இரண்டு வருட மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல் படிவத்தில் அப்பா கைநாட்டு வைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அத்தை கூடாது என்றார். அம்மா அழுதார். அப்பா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே பேசினார்.

“மொதல்ல எங்கள எங்கியாச்சும் கூட்டிட்டுப் போய், பத்திரமாத் திரும்பக் கூட்டியா கண்ணு. அப்பறம் பாக்கலாம்.”

ஒகேனக்கல்லோ ஏற்காடோ என்று சொல்லியிருந்தால் ஒரே நாளில் பாஸ் ஆகியிருப்பேன். என் வாய் சும்மா இருக்குமா? “அந்தமான்” என்றேன். வரைபடத்தில் தொட்டுக்கூடக் காட்டினேன். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஈ உக்காந்த மாதிரி இருக்குது. இதுல நாலு பேரு எங்க நிக்கறது?” என்றார். பிறகு, தானும் வருவதாக அறிவித்தார். ஊர் பார்க்க அல்ல, என்னை மேற்பார்வை பார்க்க.

எனக்கு ரகசியமாக இன்னொரு ஆசையும் இருந்தது. மூன்று இடத்தில் போர்வெல் போட்டு, மூன்றிலும் புழுதியை மட்டும் பார்த்த மனிதர் என் அப்பா. மானாவாரிக் காடும் இரண்டு மாடும் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட சும்மா உட்கார்ந்ததில்லை. அவரை மூன்று நாள் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு நான் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். கட்டம் கட்டி, கலரில் பிரிண்ட் எடுத்து, தர்மபுரியில் லேமினேஷன் செய்து, ஆளுக்கொரு பிரதி. (மற்ற மூன்று பேருக்கும் படிக்கத் தெரியாது என்பது லேமினேஷன் சூடு ஆறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தை தன் பிரதியை விசிறியாக வைத்துக்கொண்டார்.) ஐந்து மணிக்குச் சூரிய உதயம். ஏழு மணிக்குக் கடற்கரை. பத்து மணிக்குக் கண்ணாடிப் படகில் மீன் பார்த்தல். இப்படியே போய், மூன்று முதல் மூன்றரை வரை ஓய்வு. ஓய்வெடுக்கப் போகிற பயணத்தில் ஓய்வுக்கு நான் ஒதுக்கியது ஒரு நாளைக்கு அரை மணி நேரம்.

அடுத்தது தேதி. எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “காடு சும்மா கெடக்குதா?” வைகாசியில் காடு சும்மா கிடக்கும். கடலை போட ஆடி வர வேண்டும். எனக்கும் அப்போது பள்ளி விடுமுறை. ஆகவே வைகாசி. விமானத்தில் இடம் தாராளமாக இருந்தது, தீவில் அறைகள் காலியாக இருந்தன. இந்த அருமையான வாரத்தை உலகமே எப்படிக் கோட்டை விட்டது என்று எனக்கு ஆச்சரியம். தீவில் லாட்ஜ் நடத்துகிற தமிழ் அக்கா போனில் இரண்டு தடவை கேட்டார்.

“இந்த மாசமா வர்றீங்க? நல்லா யோசிச்சுத்தானே?”

“ஆமாங்க்கா. காடு சும்மாதான் கெடக்குது” என்றேன்.

“காடா?” என்றார் அவர். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாடுகளை அத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். பெங்களூரு விமான நிலையத்தில் அம்மாவின் கைப்பையைத் திறந்த பாதுகாப்பு அதிகாரி உள்ளேயிருந்து முழங்கையளவுக் கட்டை ஒன்றை உருவினார். உருண்டு திரண்ட, நன்றாக எண்ணெய் ஊறிய கட்டை. அவர் அதைப் பிடித்திருந்த விதத்திலேயே சுற்றியிருந்தவர்கள் இரண்டடி தள்ளிப்போனார்கள்.

“இது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“களி கிண்டற கட்டைங்க சார். போற எடத்துல இருக்குமோ இருக்காதோ” என்றார் அம்மா.

அதையும் மொழிபெயர்த்தேன். களிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல், “கேழ்வரகு மாவை வெந்நீரில் போட்டு அடிக்கும் ஆயுதம்” என்கிற அர்த்தம் வரும்படி ஏதோ சொல்லித் தொலைத்தேன். ஆயுதம் என்று காதில் விழுந்த பிறகு கட்டை திரும்பி வருமா? விமானம் மேகத்துக்கு மேலே போகும்வரை அம்மா என்னோடு பேசவில்லை. அத்தை ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து, “சரியான பக்கந்தான் போவுதா?” என்று மட்டும் கேட்டார்.

போர்ட் பிளேரில் இறங்கியபோது தூறல். டாக்சி ஓட்டுநர் தமிழர். பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டே, “மழை எறங்கறப்பக் கரெக்டா வந்திருக்கீங்க மேடம். நேத்துதான் ஆரம்பிச்சுது. இனி நாலஞ்சு மாசம் உடாது” என்றார்.

எனக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வந்தது ஒரு நீலநிறச் சாக்பீஸ். ஒவ்வொரு வருடமும் அந்தச் சாக்பீஸால் கரும்பலகையில் தென்மேற்குப் பருவக்காற்றின் அம்புக்குறியைப் போடுவேன். அம்பு எங்கே தொடங்கும் தெரியுமா? ஒரு மதிப்பெண் கேள்வியாக நானே கேட்டிருக்கிறேன்: பருவமழை இந்தியாவில் முதன்முதலில் தொடும் பகுதி எது? கேரளா என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போடாமல், பக்கத்தில் சிவப்பு மையில் ‘அந்தமான்’ என்று திருத்தமாக எழுதிக் கொடுத்தவள் நான். எந்த மாதம் என்பதையும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன்.

பின்சீட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. ஒரே ஒரு சொல்.

“ஜோலார்பேட்டை.”

மறுநாள் சின்னக் கப்பலில் இரண்டு மணி நேரப் பயணம். லாட்ஜ் இருந்த தீவில் இறங்கினோம். மழை எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. தூறல் இல்லை, சாரல் இல்லை; அண்டாவைக் கவிழ்த்த மாதிரி மழை. சூரிய உதயம் ரத்து. கண்ணாடிப் படகு ரத்து. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. லேமினேஷன் செய்த திட்டத்தில் ஒரு துளி ஈரம் படவில்லை. அதில் எழுதியிருந்த எதுவும் நடக்கவுமில்லை. நான் அறைக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, விசாகப்பட்டினத்துக்கு மனசுக்குள் டாட்டா காட்டிவிட்டேன்.

வெளியே டங் டங்கென்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், அம்மாவும் அத்தையும் முந்தானையைச் செருகிக்கொண்டு, குளியலறை வாளி, மக்கு, டீ கெட்டில், குப்பைக்கூடை வரைக்கும் தாழ்வாரத்து விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மழை வந்தால் முதல் வேலை அதுதான். கூரைத் தண்ணீரைப் பிடித்தால் மாட்டுக்கு ரெண்டு நாள் ஆகும்.

லாட்ஜ் அக்கா குடையோடு ஓடி வந்தார். “என்னம்மா, பாத்ரூம்ல தண்ணி வரலையா?”

“வருது வருது” என்றார் அத்தை. “அதுக்காவ இத உட்டுற முடியுமா? நெறஞ்சிருச்சு பாருங்க, வேற அண்டா கிண்டா இருக்குதா?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து அத்தையிடம் கொடுத்தார். அந்த நிமிடத்திலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

அப்பா வாளி வைக்கவில்லை. தாழ்வாரத்தில் ஒரு பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டி மழையில் நனைப்பதும், உள்ளங்கையைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, “தப்புப் பண்ணிட்டேன்பா. மழைக் காலம்னு பாக்காம டிக்கெட் போட்டுட்டேன்” என்றேன்.

அவர் மறுபடியும் கையை மழையில் நீட்டினார்.

“இது வரைக்கும் பத்து உழவு மழை பேஞ்சிருக்குது கண்ணு” என்றார். உழுகிற அளவுக்கு மண் நனைந்தால் அது ஒரு உழவு மழை. எங்கள் காட்டுக்கு அதில் ஒன்று வர, சில வருடம் ஆடி முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். “பத்து. நான் நின்னு பாத்ததே இல்ல. நம்மூர்ல மழ வந்தா கடலைய மூடவும் மாட்ட அவுக்கவும் ஓடறதுக்கே சரியாப் போயிரும். பேயறத உக்காந்து பாக்க இன்னிக்குத்தான் முடிஞ்சுது.”

நாலு வார்த்தைக்காரர் அன்றைக்கு ஒரு வருடக் கோட்டாவைத் தீர்த்துவிட்டார். அப்புறம் நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். காலை பதினொரு மணிக்குத் தூங்கியவர் நாலு மணிக்கு எழுந்தார். பகலில் அப்பா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திட்டத்தில் மூன்றிலிருந்து மூன்றரை வரை என்று போட்டிருந்தேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் அவர் அபாரமாக நிறைவேற்றினார்.

இரண்டாம் நாளும் மழை. அப்பா காய்ந்த தென்னை மட்டை ஒன்றை லாட்ஜ் அரிவாளால் செதுக்கி அம்மாவுக்குக் களிக்கட்டை செய்து கொடுத்தார். கேழ்வரகு மாவைப் பெட்டியில் அனுப்பியிருந்ததால் அது தப்பித்திருந்தது. லாட்ஜ் அடுப்பில் களி கிண்டி, அக்கா வைத்த மீன் குழம்போடு சாப்பிட்டோம். தன் மகனுக்குப் போன் போட்ட அத்தை, “மாடு கெடக்கட்டும்டா, மழையக் கேளு” என்று செல்போனைத் தாழ்வாரத்துக்கு வெளியே நீட்டினார்.

ஆனால், பத்திரமாகத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்கிற பாதிப் பரீட்சை இன்னும் பாக்கி இருந்தது. மூன்றாம் நாள் மதியம் ஜெட்டிக்குப் போனால், கடல் கொந்தளிப்பு, கப்பல் கிடையாது என்று பலகை தொங்கியது. மறுநாள் விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தவர்கள் தலையில் கைவைத்து நின்றார்கள். புதுமணத் தம்பதி ஒன்று அங்கேயே தங்கள் முதல் சண்டையைத் தொடங்கியது.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். வாயில் ஜோலார்பேட்டை தயாராக இருந்தது.

“நம்ம பிளேன் நாளைக்கு இல்லீங்கத்தை” என்றேன். “நாளான்னிக்குத்தான்.”

எங்கள் ஊருக்கு ஒன்பது மணி பஸ் வருமா வராதா என்பது ஒன்பது மணிக்குத்தான் தெரியும். அதனால் எட்டு மணி பஸ்ஸுக்கே போய் நிற்பது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தில், கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாளைச் சும்மா விட்டிருந்தேன். படித்தவள் இப்படிப் பயந்து திட்டம் போடலாமா என்று வெட்கப்பட்டு, அந்தக் கட்டத்தில் ‘போர்ட் பிளேர் சுற்றிப் பார்த்தல்’ என்று எழுதியும் வைத்திருந்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். என் ஆங்கிலம் அன்றைக்கு மூச்சுவிடாமல் ஓடியது. மறுநாள் முதல் கப்பலில் நான்கு இடம் வாங்கினேன். தம்பதிக்கும் விமான டிக்கெட்டை மாற்ற எங்கே போன் செய்வது என்று விசாரித்துச் சொன்னேன். என்ன நடக்கிறதென்று புரியாமல் நின்ற இன்னும் சிலருக்குத் தமிழில் விளக்கினேன். கடைசியில் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் அத்தை.

“தள்ளாம நில்லுங்க. எங்க தம்பி மவ டீச்சரு. எல்லாத்துக்கும் சொல்லும்.”

மறுநாள் காலை கடல் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. ஆனாலும் கப்பல் முறத்தில் புடைத்த மாதிரி எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கைய மட்டும் உட்றாத புள்ள.”

விடவில்லை. நான்கு பேரையும், ஒரு தென்னை மட்டைக் களிக்கட்டையையும் முழுசாக வீடு கொண்டுவந்து சேர்த்தேன். (கட்டை பெட்டிக்குள் போனது. ஒரு தப்பை இரண்டு தடவை செய்ய மாட்டேன்.) வந்த அன்றே அப்பா, “எங்க வெக்கணும், காட்டு” என்று கட்டைவிரலை நீட்டினார். மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அத்தை. “நல்லா அழுத்தி வைடா தம்பி. பொறவு செல்லாதுன்னுருவாங்க.”

இப்போது விசாகப்பட்டினத்தில் முதல் வருடத்தை முடித்துவிட்டேன். மழையை எண்களிலும் வளைகோடுகளிலும் படிக்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் மழைக்கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. வானம் பொய்த்தால், “சுகந்திய எங்கியாச்சும் டூர் போவச் சொல்லு, அவ போற எடத்துல கொட்டும்” என்கிறார்கள். போன வாரம் அத்தையே போன் செய்து, ஊரில் எல்லாருக்கும் காடு காய்ந்துகிடக்கிறது, ஏதாவது செய் என்று அதிகாரமாகச் சொன்னார். ஜோலார்பேட்டையை அவர் வாயிலிருந்து கேட்டு ஒரு வருடமாகிறது.

செய்துவிட்டேன். நான்கு டிக்கெட். அதே தீவு, அதே வைகாசி. இந்தத் தடவை தெரிந்தேதான். திட்டம் எதுவும் லேமினேஷன் செய்யவில்லை. அப்பாவின் நாற்காலியைத் தாழ்வாரத்திலேயே போட்டு வைக்கச் சொல்லி லாட்ஜ் அக்காவுக்குப் போன் செய்தேன். கூடவே, இரண்டு டிரம் சொல்லிவைத்திருக்கிறேன்.