ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே

காலையிலிருந்து முள் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பூகம்பத்தாருக்குப் பயம் ஏறியது. பயந்தால் அவருக்குக் கால் ஆடும். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி திட்டியும் போகாத பழக்கம். நல்லவேளை, மேசைக்கடியில் யாரோ இரும்புப் பெட்டி ஒன்றைப் போட்டுவைத்திருந்தார்கள். குட்டை மனிதர், காலை வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

நிலநடுக்க ஆபீசின் விஞ்ஞானி அவர். பூகம்பத்தார் என்பது ஊர் வைத்த பெயர். ஆபீசுக்குப் பின்னால் ஆழமான குழி. அதற்குள் இருக்கும் கருவி பூமியின் ஆட்டத்தை உணர்ந்தால், மேசைமேல் காகிதத்தில் கோடு போடும் முள் ஆடும். அப்படித்தான் படித்திருந்தார். குழிக்குள் ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. படித்தவர் எதற்கு இறங்கப்போகிறார்?

அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர், "ஒண்ணும் ஆகாது, போய்த் தூங்குங்க" என்றார். தூங்கினார்கள். கூரை விழுந்தது. அவர் சிறையில். பக்கத்து ஊர் விஞ்ஞானி, "ஓடுங்க" என்றார். ஓடினார்கள். ஒரு ஓடுகூட விழவில்லை. வியாபாரம் போச்சென்று கடைக்காரர்கள் கேஸ் போட்டார்கள். அவரும் சிறையில். இரண்டு பேருக்கும் ஒரே அறை என்று கேள்வி.

பூகம்பத்தார் ஆபீஸ் வக்கீலுக்குப் போன் போட்டார்.

"வக்கீல் சார், முள் ஆடுது!"

"ஆடட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்க. வரும்னும் சொல்லாதீங்க, வராதுன்னும் சொல்லாதீங்க. நமக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு நிரூபிச்சாத்தானே கேஸு?"

மதியம் வீட்டுக்குப் போனார். முகத்தைப் பார்த்ததுமே பெண்டாட்டிக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க, வரப்போகுதா? பரண்மேல இருக்கற பித்தளைப் பாத்திரத்தை இறக்கிடட்டுமா?"

"இறக்கலாம். இறக்காமலும் இருக்கலாம்."

"நான் என்ன கோர்ட்டா? கட்டின பெண்டாட்டிகிட்டயாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

"சொல்றதுக்கும் இல்ல, சொல்லாம இருக்கறதுக்கும் இல்ல."

"அப்ப எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். உங்களுக்கு எப்ப வாய் வருதோ, அப்ப வந்து கூப்பிடுங்க."

துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்க்கடை முடிதிருத்துகிறவர் கத்தியை அப்படியே நிறுத்தினார்.

"ஐயையோ! பூகம்பத்தார் சம்சாரமே பெட்டியோட கிளம்பிட்டாங்க!"

அவ்வளவுதான். பாதி மழித்த தாடியோடு ஒருவர் ஓடினார். அவரைப் பார்த்துத் தெரு ஓடியது. தெருவைப் பார்த்து ஊரே மைதானத்துக்கு ஓடியது.

பூகம்பத்தாருக்குக் கண் இருட்டியது. கடைக்காரர்கள் கேஸ்! பின்னாலேயே ஓடி, கையைப் பிடித்துக் கெஞ்சி, அவளை வீட்டுக்கு இழுத்து வந்தார். ஊர் அதையும் பார்த்தது.

"திரும்பிட்டாங்கப்பா! ஒண்ணும் இல்லையாம்!"

எல்லாரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வக்கீல் போனில் அலறினார்.

"என்ன சார் பண்ணி வெச்சீங்க? உங்களுக்கு முன்னாடி இருந்தவர் வாயால சொன்னதை நீங்க காலால சொல்லிட்டீங்களே!"

பூகம்பத்தார் பாய்ந்து போய் வாசற்படியில் நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எந்தச் சட்டமும் பிடிக்க முடியாத இடம் அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் அப்படியே நின்றார். சற்று நேரத்தில் தெரு முழுக்க, வாசலுக்கு ஒருவராக, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே.

பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள்.

"அண்ணே, பிள்ளை தூக்கத்துக்கு அழுவுது. உள்ள படுக்க வெக்கலாமா? அதை மட்டும் சொல்லுங்க."

பூகம்பத்தார் ஆபீசுக்கு ஓடினார். நாற்காலியில் விழுந்து, மேசைக்கடி இரும்புப் பெட்டிமேல் காலைப் போட்டு, முள்ளைப் பார்த்தார். காகிதத்தைக் கிழித்துவிடுவதுபோல் குதித்தது! இப்படி ஒரு ஆட்டத்தை அவர் பாடத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்தக் குழந்தையின் முகம் கண்முன் வந்தது. சிறையாவது மண்ணாவது!

சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"எல்லாரும் வெளிய வாங்க! வருது! பிள்ளையைத் தூக்கிட்டு ஓடும்மா!"

ஊர் சாயங்காலம்வரை மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. பூமி மூச்சு விடவில்லை. குழந்தை மட்டும் புல்தரையில் சுகமாகத் தூங்கி எழுந்தது. கடைக்காரர்கள் எழுந்து போலீசைக் கூட்டி வந்தார்கள்.

"என் கண்ணால பார்த்தேன்! முள் குதிச்சுது!" என்று பூகம்பத்தார் கதறினார். பெண்டாட்டி அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் வக்கீல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பூகம்பத்தார் காதருகே குனிந்தார்.

"பதறாதீங்க சார், அந்த முள் ஆடினது எதுவும் கோர்ட்டுல நிக்காது, நமக்கு எதுவும் தெரிஞ்சுடக் கூடாதுன்னு போன மாசமே அந்தக் கருவியை இரும்புப் பெட்டியோட குழியிலிருந்து தூக்கி, உங்க மேசைக்கடியில போடச் சொல்லிட்டேனே!"