கொட்டாவி தூங்காத நாள்

“தூங்குற மாதிரி நடிக்காதீங்க சார், தூங்குங்க. இமை துடிக்கிறது படத்துல நல்லாத் தெரியுது,” என்றார் புகைப்படக்காரர், மறுபடியும்.

கொட்டாவி கண்ணைத் திறந்தார். மெத்தைக் கடைக் கணக்கரான அவருக்குச் சக ஊழியர்கள் அந்தப் பெயரை வைத்துப் பல வருடங்களாகின்றன. நேற்று மதியம் மர நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரை முதலாளி கையும் களவுமாகப் பிடித்தார். திட்டவில்லை, யோசித்தார்.

“மர நாற்காலியிலயே இப்படித் தூங்குற ஆளு, நம்ம மெத்தையில எப்படித் தூங்குவாரு? விளம்பரப் படத்துக்கு இவர்தான்,” என்று அறிவித்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “படம் சரியா வரலைன்னா, அப்புறம் தினமும் வீட்டுலயே தூங்கலாம்,” என்றார்.

வேலை போய்விடும் என்று தெரிந்த பிறகு யாருக்குத் தூக்கம் வரும்?

முதலாளிக்கும் அவசரம்தான். ஸ்டுடியோவுக்கு நேர் கீழே போட்டிக்காரரின் மெத்தைக் கடை. வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே தூங்கும் படம், ஆளுயரத்துக்கு. அதைப் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறியதில் முதலாளி ஒரு படியைத் தவறவிட்டிருந்தார்.

“முதுகுல என்னமோ நெருடுது முதலாளி.”

“நெருடலய்யா, தாங்குது. இந்த மெத்தையோட சிறப்பே அதான். வெளிச்சம்தான் உமக்குக் கண்ணு கூசுது. விளக்கை அணைங்கப்பா.”

“அணைச்சா எப்படி சார் படம் எடுக்குறது?”

“அவரு தூங்கினதும் போடுங்க.”

இருட்டில் எல்லோரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். விளக்கைப் போட்டபோது கொட்டாவியின் இரு கண்களும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒப்பனைக்காரப் பெண்தான் தன் பெட்டிமேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

முதலாளி கணக்கரின் மனைவிக்குப் போன் போட்டார். “வீட்டுல எப்படிம்மா தூங்குவாரு?”

“நான் பேச ஆரம்பிச்சா தூங்கிடுவாரு.”

“அப்போ பேசும்மா.” போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை அருகே வைத்தார்.

அந்த அம்மா தயங்கவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது, மாடிக்காரி முறைத்தது என்று வரிசையாகப் போய், “அப்புறம், எங்க அண்ணன் குடும்பத்தோட வந்து ஆறு மாசம் தங்கப்போறாரு,” என்றார்.

“ஆறு மாசமா?” கொட்டாவி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அடடா, தூங்கியிருப்பீங்கன்னு நெனச்சுல்ல சொன்னேன்.”

கடைசி முயற்சியாக வெதுவெதுப்பான பால் வந்தது. கொட்டாவி படுத்தபடியே குடிக்கப் போனதில் டம்ளர் கவிழ்ந்தது. பால் முழுவதும் மெத்தையில்.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். “டிரைவர், இதைத் தூக்கிட்டு வேற மெத்தை போடுப்பா, சீக்கிரம்.” பிறகு கணக்கர் பக்கம் திரும்பி, சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறீரா என்பதில் ஆரம்பித்துத் திட்டத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள், மெத்தையை வேனில் ஏற்றி வந்த டிரைவர் ஈர மெத்தையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வேறொன்றைச் சுமந்து வந்து விரிப்பும் போட்டுவிட்டார்.

“தள்ளி நில்லுய்யா,” என்று முதலாளியே மெத்தையில் ஏறிப் படுத்தார். “தூங்குறதுல என்ன வித்தை? இப்படிச் சாயணும். கையை இப்படி வச்சு, உடம்பைத் தளர விட்டு...”

அந்த வாக்கியம் முடியவில்லை. வாய் லேசாகத் திறந்தது, உதட்டோரம் ஒரு புன்னகை, மெல்லிய குறட்டை. புகைப்படக்காரர் சத்தமில்லாமல் கேமராவை எடுத்தார்.

முதலாளி கண்விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. திரையில் தன் படத்தைப் பார்த்தார். கைக்குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தார். பல வருடத்து முகச்சுளிப்பைக் காணோம்.

“பார்த்தீரா?” என்று கணக்கரைப் பிடித்துக்கொண்டார். “கோளாறு மெத்தையில இல்லய்யா, உம்மகிட்டதான். இப்படி ஒரு மெத்தையில தூக்கம் வராதவருக்கு நம்ம கடையில என்ன வேலை? நாளையிலேர்ந்து...”

வேன் டிரைவர் கதவோரம் தலையை நீட்டினார்.

“எழுந்துட்டீங்களா முதலாளி? நம்ம மெத்தை மாடியில காஞ்சிருச்சு. கீழே இருக்குற கடைக்காரர், கடை சாத்துறதுக்குள்ள அவரு மெத்தையைத் திருப்பிக் கேட்டாரு.”