கடக் சித்தப்பாவின் வண்டிச் சத்தம்

“கடக் சித்தப்பா வர்றாரு!” என்று என் நாத்தனார் மகள் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து கூவியபோதுதான் அந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டேன். அவள் கூவினாளோ இல்லையோ, வெள்ளம் வருகிறது என்று சொன்னது போல வீடே கலைந்தது. நாத்தனாரின் மகன் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அவன் பெண்டாட்டி குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைப்பது போல ஆட்டத் தொடங்கினாள். அது கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு சிரித்தது. நாத்தனாரோ கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்துவிட்டு, “எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு” என்றாள். விவரம் தெரியாத நான் மட்டும் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். மாட்டிக்கொண்டேன். அடுத்த ஐந்தாவது நிமிடம், ஏணி வைத்து ஏறாத குறையாக ஒரு பெரிய வண்டியின் முன்சீட்டில் ஏற்றப்பட்டு, மூச்சு விடக்கூட அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இருந்தேன்.

உலகத்தில் கார் வைத்திருப்பவர்கள் உண்டு. காரில் சத்தம் வைத்திருப்பவர்கள் வேறு ரகம். நான் சொல்ல வந்தது அந்த இரண்டாவது ரகத்தைப் பற்றி.

இவர்களைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது, பள்ளிக்கூடத்தில் முதல்நாள் பிள்ளையை விட்ட தாய் மாதிரி மூன்று தடவை திரும்பிப் பார்ப்பார்கள். நான்காவது தடவை திரும்பி வந்து டயரை ஷூவால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். எதற்கு? தட்டியவருக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது. நடு ரோட்டில் குனிந்து, தலையைத் தரையில் வைத்து, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்கும் ஒரு மனிதரைப் பார்த்தால் ‘ஐயோ, சில்லறையைத் தொலைத்துவிட்டார் போல’ என்று உதவிக்குப் போய்விடாதீர்கள். போனால் உங்களையும் படுக்க வைத்துவிடுவார்.

கடக் சித்தப்பா என் நாத்தனாருக்குக் கொழுந்தன். அதனால் நாத்தனார் பிள்ளைகளுக்குச் சித்தப்பா. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள், பேப்பர் போடுகிறவர், ஏன், அவருடைய சொந்த அண்ணனே அவரைக் கடக் சித்தப்பா என்று கூப்பிடும்படி ஆகிவிட்டது. வயது ஐம்பத்தெட்டு. சொந்தமாக அச்சாபீஸ் வைத்து ஊர்க் கல்யாணப் பத்திரிகையை எல்லாம் அச்சடித்துக் கொடுத்தவர். தலையெடுத்த பிறகு ஆசைப்பட்டு ஒரு யானைக்குட்டி அளவுக்கு வண்டி வாங்கினார். வாங்கிய எட்டாவது மாதம் அது பேச ஆரம்பித்தது. பேச்சு ஒரே ஒரு வார்த்தைதான்.

கடக்.

பிரேக்கை அமுக்கும்போது, அதுவும் மெதுவாக அமுக்கும்போது, கீழே எங்கேயோ, ‘வலப்பக்கம் முன்னாடி’ வருமாம். அன்றைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனவர் ஏசியை நிறுத்தினார். ரேடியோவை நிறுத்தினார். என் கைவளையல்களைப் பார்த்தார். நானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

“உஷ்!... இப்ப வரும் பாருங்க... உஷ்!... கேட்டுச்சா?”

“இல்லியேப்பா.”

“இப்ப?”

“ஏதோ லேசா...”

“லேசாவா? நல்லா கேளுங்க. இப்ப?”

பசி வந்தால் யாருக்கும் காது திறக்கும். ஏழாவது சுற்றில், “கேட்டுச்சுப்பா, நல்லாவே கேட்டுச்சு” என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்து இறங்கிய தகப்பனைப் போல இருந்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவுடனே, “இவங்களுக்கே கேட்டுச்சு” என்று என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். போர்வைக்குள்ளிருந்து வந்த நாத்தனார் காய்ச்சல் விட்ட முகத்தோடு என்னை முறைத்தாள்.

அவருடைய போனில் மகள் கல்யாணப் படம் இருபதுதான் இருக்கிறது. வண்டியின் அடிவயிற்றுப் படம் அறுநூறு. பதிவு செய்த சத்தம் நாற்பத்தொன்று. எதைப் போட்டாலும் அவருடைய ‘உஷ்’ தான் கேட்கும். இது போதாதென்று, அதே வண்டி வைத்திருக்கும் இருநூற்றுப் பதினான்கு பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று. கோழி கூவுமுன் கூவுவார்கள். ‘காலை வணக்கம், எனக்கும் இடது பக்கம் கிர்ர்’ என்று ஒருவர் எழுதினால், ‘ரப்பர் புஷ் தேஞ்சு போயிருக்கும் சகோ’ என்று ஒருவர், ‘எனக்கு நாலு புஷ் மாத்தியும் நிக்கல’ என்று இன்னொருவர். பெற்ற தாயின் சர்க்கரை அளவு தெரியாது. முகம் தெரியாதவனின் வண்டி குடிக்கும் ஆயில் அளவு அத்துப்படி.

“படி ஏறும்போதுகூட எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது” என்று ஒருநாள் கண் கலங்கச் சொன்னார். “வண்டி மனசுக்குள்ளயே ஓட ஆரம்பிச்சிருச்சு.”

சித்தி, அதாவது அவர் சம்சாரம், கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே, “மனசுல நிறுத்துறதுக்கு இடம் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

சரி, கோளாறு என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதுதானே? போகாமல் இருப்பாரா! ஒன்பது மாதத்தில் எட்டுத் தடவை போனார். கண்ணாடி மாளிகை, குளுகுளு சோபா, மீன் தொட்டி, பொத்தானை அமுக்கினால் காப்பி. கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி வந்து, “சொல்லுங்க சார்” என்பான். இவர் பிறந்த கதையிலிருந்து சொல்வார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ‘சத்தம்’ என்று ஒரே வார்த்தை எழுதிக்கொள்வான். ‘வாடிக்கையாளர்கள் பணிமனைக்குள் வரக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் பலகை. இவர் சோபாவில் உட்கார்ந்து மீன்களோடு பேசிக்கொண்டிருக்க, யாரோ ஒரு டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வருவார்.

“சார், ஒரு சத்தமும் இல்ல.”

இருக்காதே! மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அந்த வண்டி அங்கே போனால் மட்டும் வாயைத் திறக்காது. ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? ஒரு தடவை தூசி என்றார்கள். ஒரு தடவை சாஃப்ட்வேர் என்றார்கள். ஒரு தடவை புஷ்ஷை மாற்றினார்கள். ஒரு தடவை, “இந்த மாடலோட சுபாவமே அப்படித்தான் சார்” என்று வண்டிக்கு ஜாதகம் எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து, காலடியில் காகிதம் விரித்து, கல்யாணப் பெண் மாதிரி வெளியே அனுப்புவார்கள். இரண்டாவது சிக்னல் தாண்டாது.

கடக்.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தூரத்து ஊரில் இருந்த மகளுக்குத் தலைப் பிரசவம் நெருங்கிவிட்டது. வண்டியில் ஏழு மணி நேரம். “அம்மா, எப்பம்மா வர்றீங்க? பயமா இருக்கும்மா” என்று தினமும் போன். சித்தி மூட்டை கட்டி வாசலில் வைத்து நான்கு நாள் ஆயிற்று. இவரோ, “இந்தச் சத்தத்தோட பெரிய ரோட்டுல ஏத்த மாட்டேன். நடு வழியில சக்கரம் தனியா போச்சுன்னா?” என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சித்தி சத்தம் போடவில்லை. அதுதான் பயம். பஸ் டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றே ஒன்று.

“சனிக்கிழமை காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்புறேன். பேரப்பிள்ளை மூஞ்சிய முதல்ல பாக்கணும்னா நீங்களும் வாங்க. இல்லையா, வண்டிய மடியில போட்டுத் தாலாட்டிட்டு இருங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பா ஒன்பதாவது தடவையாகக் கண்ணாடி மாளிகைக்குப் போனார். டிரைவர் போய் வந்தார். டை கட்டிய தம்பி வாயைத் திறந்தான். “சார், ஒரு சத்தமும்...”

அவ்வளவுதான். சித்தப்பா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அந்த வெள்ளைச் சோபாவில் நீட்டிப் படுத்துவிட்டார்.

“சார், என்ன சார் இது? கஸ்டமருங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும். உங்கள்ல ஒரு ஆளு சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எந்திரிப்பேன். நாளைக்கு என் சம்சாரம் என்னை விட்டுட்டுப் போறா. போனா, பொறக்கப் போற பிள்ளை கேக்கும், தாத்தா எங்கன்னு. சோபாவுலன்னு சொல்லுங்க.”

தம்பி ஓடிப்போய்த் தலைமை மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். நாற்பது வயதுப் பெண்மணி. கையெல்லாம் கிரீஸ், இன்ஜின் சத்தம் கேட்கும் குழாய் டாக்டர் மாதிரி கழுத்தில். சோபாவில் கிடந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சார், எந்திரிங்க. நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்கார்றேன்.”

பலகை பலகையாகவே இருந்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, வண்டிக்காரரையே ஓட்டச் சொல்ல ஒருத்திக்குத் தோன்றிவிட்டது.

பணிமனை வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று. திருப்பத்தில் சித்தப்பா பிரேக்கை மெதுவாக அமுக்கினார்.

கடக்.

“கேட்டுச்சா?” என்று அவள் பக்கம் திரும்பினார்.

“கேட்டுச்சு சார்.”

“நெசமாவா? எனக்காகச் சொல்லலையே?”

“தெளிவா கேட்டுச்சு.”

சித்தப்பா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேவிட்டார். “நீ நல்லா இருக்கணும்மா. உன் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்.”

“இருக்கட்டும் சார். பிரேக்க அமுக்கி அமுக்கி விடுங்க.”

அவள் குழாயைக் காதில் மாட்டி, டேஷ்போர்டில் வைத்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்தாள். குனிந்து பெடலில் வைத்தாள். கடக். புருவத்தைச் சுருக்கினாள். குழாய் பெடலிலிருந்து ஷூவுக்கு வந்தது. ஷூவிலிருந்து கணுக்காலுக்கு. அங்கிருந்து மெல்ல மேலே ஏறி முழங்காலில் போய் நின்றது.

“வண்டிய ஆஃப் பண்ணுங்க சார்.”

பண்ணினார்.

“பெடல்ல இருந்து கால எடுங்க. சும்மா முட்டிய மடக்கி நீட்டுங்க.”

கடக்.

பணிமனையில் எங்கோ ஒரு ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது.

“இந்த பார்ட் நாங்க மாத்துறதில்ல சார்” என்றாள் அவள்.

“வாரண்டி...” என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

“செஞ்சவங்களைத்தான் கேக்கணும். ரொம்ப பழைய மாடலு.”

ரசீதில், ‘சத்தம் கண்டுபிடிக்கப்பட்டது. வண்டியில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நாலாக, எட்டாக, பதினாறாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“என்ன கோளாறாம்?” என்றாள் சித்தி.

“ஒரு... மூட்டு.”

“எந்த மூட்டு?”

“வலப்பக்கம். முன்னாடி.”

பொய் சொல்லவில்லை, பாருங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் அதையே எழுதினார்: ‘கோளாறு வலது முன் மூட்டு. தீர்ந்தது.’ அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு பேர், அந்த மூட்டை உடனே மாற்றித் தர வேண்டும் என்று அவரவர் சர்வீஸ் சென்டரில் போய் நின்றார்கள். இரண்டு பேருக்கு மாற்றியும் கொடுத்தார்களாம். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டதாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மாடியில் காயும் துணியை எடுக்கப் படி ஏறினார் சித்தப்பா. கடக். கடக். கடக். சமையலறை வாசலில் நின்ற சித்தி அவர் முழங்காலைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். அவள் கையை நீட்டினாள். முதலில் ரசீது வந்தது, பிரித்துப் படித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவள், கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“கையில வெண்ணெய வச்சுட்டு நெய்க்கு அலைஞ்சவனைக்கூடப் பாத்திருக்கேன். காலு சத்தத்துக்குக் காரைக் கழட்டினவரை இப்பத்தான் பாக்குறேன். சாவியக் குடுங்க.”

மறுநாள் ஏழு மணி நேரமும் சித்திதான் ஓட்டினாள். சித்தப்பா பின்சீட்டில், மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மூட்டையாக உட்கார்ந்து வந்தார். வண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். ஞாயிறு விடிகாலையில் பேத்தி பிறந்தாள். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அதை வாங்கி மடியில் வைக்க நாற்காலியில் உட்கார்ந்தார் தாத்தா. கடக். குழந்தை கத்துவதைச் சட்டென்று நிறுத்தி, எங்கேயிருந்து வந்தது என்று கேட்பது போல முழித்தது.

“கேட்டுச்சு!” என்றார் சித்தப்பா. “இவளுக்குக் கேட்டுச்சு!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி முனகவில்லையா? மின்விசிறி கிறீச்சிடவில்லையா? ‘இது சரியில்லை, அது சரியில்லை’ என்று எதையாவது திருப்புளியோடு துரத்திக்கொண்டிருக்கவில்லையா? யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, நாற்காலியிலிருந்து மெதுவாக ஒரு தரம் எழுந்திருங்கள். ரேடியோவை நிறுத்திவிட்டு எழுந்திருங்கள். ஏதாவது கேட்டதா?

கேட்டால் பயப்பட வேண்டாம். துணைக்கு ஆள் இருக்கிறது. சித்தப்பா எலும்பு டாக்டரிடம் மூன்று தடவை போயும், டாக்டர் மடக்கிப் பார்க்கும்போது மட்டும் முட்டி வாயைத் திறக்கவே இல்லை. “ஒரு சத்தமும் இல்லையே” என்று அனுப்பிவிட்டார். அதனால் கடக் சித்தப்பா இப்போது, புதிதாகப் பதிவு செய்த பதினேழு சத்தங்களோடு, அந்த டாக்டர் வீட்டு வரவேற்பறையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.