நாற்பத்தோராம் பக்கம்

நான் எழுதிய ஒரே புத்தகத்தை இதுவரை யாரும் முழுக்கப் படித்ததில்லை. அச்சாகி வந்த பிறகு நானும் அதைப் படிக்கவில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. திருவனந்தபுரம் புளிமூட்டில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. நூலகங்களுக்குப் புத்தகப் பட்டியல் போடும் புரோகிராம் எங்களுடையது. அதன் புதிய பதிப்பு தயாரானதும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பழசிலே பழகினவங்க புதுசுக்கு மாறணும். என்னென்ன மாறியிருக்குன்னு ஒரு சின்ன கைடு எழுது" என்றார். 'சின்ன' என்ற சொல் என் காதில் விழவில்லை. (விழுந்தது. இருபத்துமூன்று வயதில் அதையெல்லாம் யார் மதித்தார்கள்?) நாற்பத்தெட்டுப் பக்கம் இங்கிலீஷில் எழுதித் தள்ளினேன். முதல் அத்தியாயம் சீனாக்காரன் கணக்குப் போட்ட மணிச்சட்டத்தில் ஆரம்பித்தது.

அதில் ஒரு பிரதி ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தது. அண்ணாவின் மனைவி, அதாவது என் மன்னி, எங்கள் புரோகிராம் வாங்கிய ஒரு நூலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். நான் அரை டிராயர் போட்ட காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். அந்த வாரம் வெள்ளிக்கிழமை புதிய பட்டியலைச் செக்ரட்டரி பார்த்துத் திருப்திப்பட்டால் மன்னிக்கு வேலை நிரந்தரம். வீடே வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தது.

"ஏண்டா கிச்சா, பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்யாசம்னு இதுல எங்கே போட்டிருக்கே?"

"முழுசா வாசிச்சா தானா தெரியும், மன்னி" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

ரசம் கொதிப்பதற்குள் அவர் ஒன்பதாம் பக்கம் வரை வந்தார். அப்புறம் புத்தகம் அரிசி டின் மேல் ஏறிவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். பழைய பதிப்பில் வேலையை முடிக்கும்போது, 'சேமிக்கட்டுமா?' என்று திரை கேட்கும். 'ஒய்', அதாவது யெஸ், தட்டினால் சேமித்துக்கொள்ளும். புதியதில் அதே இடத்தில், 'சேமிக்காமல் வெளியேறட்டுமா?' என்று கேட்கும். 'என்', அதாவது நோ, தட்டினால்தான் சேமிக்கும். (எந்தப் புண்ணியவான் இப்படி மாற்றினான் என்று கேட்காதீர்கள். என் பக்கத்து மேஜைக்காரன். இன்றும் நண்பன்.) மன்னியின் விரல் பழக்கதோஷத்தில் 'ஒய்' தட்டியது. செவ்வாய்க்கிழமை முழுக்க அடித்தது போயிற்று. புதன்கிழமை மறுபடி அடித்தார், அதுவும் போயிற்று. தன் தப்பு என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. வியாழனும் போயிற்று. அன்று சாயங்காலம் அடை வார்த்துக்கொண்டிருந்தவர் தோசைத்திருப்பியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

"எனக்கு இந்த மெஷின் வரலை. நாளைக்குச் செக்ரட்டரி கேட்டா எதைக் காட்டறது?"

நடந்ததையெல்லாம் அவர் சொல்லி முடித்தபோதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "கைடுல தெளிவாப் போட்டிருக்கேனே, மன்னி" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரிசி டின் மேலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். "காட்டு."

பன்னிரண்டாம் பக்கம் பார்த்தேன். இல்லை. இருபத்தேழில் கம்ப்யூட்டரின் எதிர்காலம் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன். முப்பத்துமூன்றிலும் இல்லை. "எழுதினவனுக்கே கிடைக்கலையேடா" என்றார் அண்ணா. கல்லில் இருந்த அடை கருகியது. கடைசியில் நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், 'குறிப்பு' என்று ஒரே ஒரு வரி அகப்பட்டது.

மன்னி அதை இரண்டு தடவை படித்தார். "மூணு நாளா என் மேலதான் தப்புன்னு நினைச்சிண்டிருந்தேனேடா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவரோடு நானும் நூலகத்துக்குப் போனேன். "சார், தப்பு இவங்களோடது இல்லை. நான் எழுதின கைடுதான் காரணம்" என்று நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அந்தப் பொடி எழுத்தைச் செக்ரட்டரியால் படிக்க முடியவில்லை. புத்தகத்தைப் பிடுங்கி அட்டையைப் பார்த்தார்.

"ஓ, இது நிங்களோ எழுதினது? ஞானும் வாயிச்சு. மணிச்சட்டம் வரெ. பின்னே உறங்கிப்போயி." மணிச்சட்டம் வரை படித்துத் தூங்கிப்போனாராம்.

மன்னி சிரித்துவிட்டார். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஒரு வாரம் தவணை கிடைத்தது. கூடவே, மற்ற டைப்பிஸ்டுகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளில் எழுதி ஒட்டும்படி மன்னிக்கு உத்தரவு. காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் மலையாளத்தில் எழுதினார்: 'வெளியே வரும்போது முன்பு ஒய். இனிமேல் என். கை தானாக ஒய்க்குப் போகும். போகவிடாதே.'

எங்கள் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் மாற்றி எல்லா நூலகங்களுக்கும் அனுப்பினார். என் நாற்பத்தெட்டுப் பக்கங்கள் கட்டுக்கட்டாகக் கீழே மருந்துக்கடைக்குப் பொட்டலம் கட்டப் போயின. மன்னிக்கு வேலை நிரந்தரமாகி, அங்கேயே ரிட்டயர் ஆனார்.

அன்றிலிருந்து நான் எதையாவது சுற்றி வளைக்க ஆரம்பித்தால் வீட்டில் யாராவது, "நாற்பத்தோராம் பக்கத்துக்கு வா" என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் லட்சியங்களை விவரிக்கத் தொடங்கியபோது மன்னி என் காதில் அதைத்தான் சொன்னார். உடனே, "பிடிச்சிருக்கு" என்றேன். (இப்போது மனைவியும் என்னை அந்தப் பக்கத்துக்குத்தான் கூப்பிடுகிறாள்.)

போன மாதம் மன்னிக்குக் கண் ஆபரேஷன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த மூன்று நாளைப் பற்றி அவரிடம் நான் நேராக ஒரு வார்த்தை சொன்னதே இல்லை என்பது உறைத்தது. "மன்னி, அப்போ எனக்குச் சின்ன வயசு, கம்பெனியும் புதுசு, நிலைமை என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

கண் கட்டோடு கையை உயர்த்தினார். "நாற்பத்தொண்ணு, கிச்சா."

"தப்பு என்னோடது, மன்னி."

"ம். இதைச் சொல்ல இத்தனை வருஷமா? போய்க் காப்பி வாங்கிண்டு வா."