பழங்கோயிலுக்குப் பச்சை அடித்த கதை

மணியங்கரடு,
தொண்டாமுத்தூர் வழி,
12.11.1994

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஞானாதிக்கம் அவர்கள் சமூகத்துக்குச் சவரிநாதன் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கு நாங்கள் சுகம், மாடு கன்று சுகம், கோயில் ஒன்றுக்குத்தான் சுகமில்லை. அங்கு நீங்களும் தங்கச்சியும் மருமகள் பொற்கொடியும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டுக்காரியும் பொற்கொடியும் சேர்ந்து எடுத்த கிளிப்பச்சை முகூர்த்தப் பட்டு உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி.

எங்கள் மாதா கோயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தை மாதம் என் மகன் அன்புமணிக்கும் பொற்கொடிக்கும் அங்கேதான் மந்திரித்துத் தாலி கட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறேன், என் கல்யாணமும் என் அப்பன் கல்யாணமும் அங்கே நடந்தவை. ஆனால் அந்தக் கோயில் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. முன்வாசல் சுப்பண்ணன் தோட்டத்தைப் பார்த்திருக்கிறது, நாங்கள் பின்னால் இருக்கிற சின்னக் கதவு வழியாகப் பீடத்துக்குப் பக்கத்தில் திருடர்கள் மாதிரி நுழைகிறோம். இது ஏன் என்று சிறுவயதிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். கட்டின கொத்தனார் வெயிலில் திசை தப்பிவிட்டார் என்பது என் கட்சி. எவனோ வெள்ளைக்காரச் சாமியார் ஊர்க்காரர்மேல் கோபித்துக்கொண்டு திருப்பிக் கட்டினார் என்பது என் வீட்டுக்காரி கட்சி. எங்கள் பங்குச்சாமிக்கு எந்தக் கட்சியும் வேண்டாம், "முதுகு காட்டற கோயில இடிச்சுபோட்டு ஊரப் பாத்து கான்கிரீட்டுல கட்டிரலாமுங்க" என்று பொங்கல் முடிந்ததும் கடப்பாரை வைக்கத் தயாராகிவிட்டார். நான் விடுவேனா? பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசுத் துறைக்கு, இது மிகப் பழைய கோயில், வந்து பார்த்துக் காப்பாற்றுங்கள் என்று மனுப் போட்டேன். ஜபருல்லா என்ற அதிகாரி வருவதாகப் பதிலும் வந்தது.

இனிதான் சங்கடம். பெரிய அதிகாரி வருகிறார், வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே சுவருக்கு வெள்ளையடிக்கிற ஊர் எங்களுடையது, சும்மா இருப்போமா? நீங்கள் உங்கள் பெயிண்டுக் கடையிலிருந்து கோயிலுக்கென்று அன்போடு அனுப்பிய கிளிப்பச்சை டின்கள் அடுக்கி இருந்தன. (உங்களைக் குறை சொல்லவில்லை, யாரும் வாங்காத நிறம் என்று நீங்களே சொல்லித்தான் கொடுத்தீர்கள்.) ஊரே கூடிச் சுண்ணாம்புச் சுவர், கல் தூண், தேக்குக் கதவு, தீர்த்தத் தொட்டி, முன்வாசலுக்கு மேலே இருந்த எழுத்துக் கல் எல்லாவற்றுக்கும் அடித்தோம். மணிக்கும் அடித்தோம். அடித்த பிறகு அது மணி மாதிரி ஒலிக்கவில்லை, தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது.

ஜபருல்லா ஜீப்பை விட்டு இறங்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஏனுங்க, பழைய கோயில்னு எழுதியிருந்தீங்க, அது எங்கீங்க?"

"இதேதானுங்க."

"போன மாசம் தொறந்த பஞ்சாயத்து ஆபீஸாட்ட இருக்குதுங்களே!"

பங்குச்சாமி இருமுவதுபோலச் சிரித்தார். எனக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது. ஆனால் அந்த மனிதர் திரும்பிப் போகவில்லை. பச்சையை நகத்தால் லேசாகச் சுரண்டி உள்ளே சுண்ணாம்பைப் பார்த்தார், விரல் கனம்தான் இருக்கும் பழைய செங்கல், ஆணியே இல்லாமல் மரமுளை அடித்து மாட்டிய உத்தரம், ஏதோ இந்துக் கோயில் மண்டபத்துச் சிற்பி செதுக்கின தாமரைத் தூண் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தார். நானும் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே போனேன். இந்தக் கோயிலுக்குள் இவ்வளவு இருக்கிறதென்று எனக்கே தெரியாது. முதுகு விஷயத்தைக் கேட்டேன். "அந்த முன்வாசலத் தொறங்க பாக்கலாம்" என்றார். பெயிண்டு ஒட்டிக்கொண்டு அது அசையவில்லை, ஊரே சேர்ந்து தள்ள, படீரென்று திறந்தது. வெளியே ஏரோட்டிக்கொண்டிருந்த சுப்பண்ணன் காளைகள் பச்சையைக் கண்டு மிரண்டு வரப்பேறி ஓடின.

சுப்பண்ணன் கலப்பையைப் போட்டுவிட்டு வந்தார். "உங்களுக்கு நாயம் இருக்குதுங்களா? வாசல என்ற காட்டப் பாத்து வெச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். மாட்ட வெரட்டறீங்க. ஏரு பூட்டுனா மண்ணா வருது? அடுப்புக்கல்லும் சட்டி ஓடுமாத்தான் வருது. எவ ஊட்டுச் சமையக்கட்ட நான் உழுதுட்டிருக்கறனுங்க?"

அதிகாரி அப்படியே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உழுத மண்ணில் இறங்கினார். வரிசையாக அஸ்திவாரக் கல், நடுவில் கெட்டித்துப்போன தெரு, அந்தத் தெரு நேராக வந்து கோயில் வாசலில் முட்டுகிறது. "உங்க ஊரு இங்கதானுங்க இருந்திருக்கு. அந்தக் காலத்துல பிளேக் வந்தா ஊரக் காலி பண்ணிட்டு மேடேறிக் குடிசை போடுவாங்க. போனவங்க திரும்பி வரல போலிருக்கு. கோயில் திரும்பலீங்க, நீங்கதான் பொறத்தால போயிட்டீங்க" என்றார்.

சம்பந்தி, பாவம் அந்தக் கொத்தனார், எத்தனை வருஷம் திட்டியிருப்பேன்! பங்குச்சாமியும் இறங்கி அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தார். அதிகாரி பாதுகாப்புக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லிப் போனார். சுப்பண்ணனும் கல்யாணம் முடியும்வரை அந்தத் தெருவை உழாமல் விடுகிறேன் என்றார். நம் பிள்ளைகள் முன்வாசல் வழியாகவே நுழையலாம்.

ஆகையால் தங்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் கடை ஆட்களை அனுப்பி இந்தப் பச்சையைப் பக்குவமாகச் சுரண்டி எடுத்து, தைக்குள் சுண்ணாம்பு அடித்துத் தர வேண்டும். தங்கள் குடும்பத்துக்கு எங்கள் தோத்திரமும், பிள்ளைகளுக்கு ஆசீரும்.

இப்படிக்கு,
அ. சவரிநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது தபால்காரர் அரசு உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தார். கோயில் தப்பித்தது! இனி யாரும் இடிக்க முடியாது. ஆய்வு நாளன்று கட்டடம் இருந்த நிலையில் எந்த மாற்றமும் செய்யக் கூடாதாம், நகத்தால் சுரண்டினாலும் குற்றமாம். ஆகவே ஆட்களை அனுப்ப வேண்டாம், உங்கள் பச்சைக்கும் சேர்த்தே அரசாங்கப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. பொற்கொடியிடம் மட்டும் தன்மையாகச் சொல்லி அந்தக் கிளிப்பச்சைப் பட்டுப்புடவையை மாற்றச் சொல்லுங்கள். அதைக் கட்டிக்கொண்டு அந்தச் சுவரோரம் நின்றால், கல்யாண போட்டோவில் அன்புமணிக்குப் பக்கத்தில் ஒரு முகமும் இரண்டு கையும்தான் தெரியும்.