அச்சம் நீக்கும் குழு

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த பாதுகாப்பு ஏற்பாடுகளில் தலைசிறந்தவை மூன்று: கோட்டைச் சுவர், முதலை விட்ட அகழி, 'அரசு வழக்கறிஞர் அச்சம் நீக்கும் குழு'. முதலிரண்டையும் எதிரிகள் பலமுறை உடைத்து உள்ளே புகுந்திருக்கிறார்கள். மூன்றாவதை உடைக்க மட்டும் எந்த எதிரிக்கும் இதுவரை மனம் வந்ததில்லை. அந்தப் பெருமையை ஊரறியச் செய்த புண்ணியம் அரசு உதவி வழக்கறிஞர் ரூபினாவைச் சேரும். அவளைக் கேட்டால் அந்தப் புண்ணியமே வேண்டாம் என்பாள். பாதுகாக்கப்படுகிறவர்களுக்குப் பாதுகாப்பின் அருமை தெரிவதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, மூலக்குளம் சந்திப்பில் ஸ்கூட்டரை நிறுத்திய ரூபினா தன் மரணச் செய்தியைப் படித்தாள். பதினைந்தடிக்குப் பத்தடி பேனர். 'கண்ணீர் அஞ்சலி! நீதியின் இமயம் சரிந்தது!' நடுவில் அவள் படம். மகளிர் தின விழாவில் கேக் வெட்டும்போது எடுத்தது. கேக்கை மட்டும் நீக்கியிருந்தார்கள். இருபுறமும் ஆளுயரக் குத்துவிளக்கு. 'தோற்றம்' என்ற இடத்தில் அவள் பிறந்த தேதி பிசகில்லாமல் இருந்தது. 'மறைவு' என்ற இடத்தில் அடுத்த வாரத்து வியாழக்கிழமை. 'இவண்' என்பதற்குக் கீழே ஒருவர் பெயரும் இல்லை, அச்சிட்ட கடையின் பெயரும் இல்லை. காதுகுத்துக்கும் கட்சி மாறியதற்கும் நாற்பது தலைகளைப் போட்டுப் பேனர் வைக்கிற நம் பக்கத்தில் இப்படியொரு தன்னடக்கத்தை யாரும் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமை கோர்ட்டில் என்ன வழக்கு என்பது அவளுக்கு மனப்பாடம். சுத்துக்கேணி ஏரியில் திருட்டுத்தனமாக மண் அள்ளிய லாரியை மறித்து நின்ற அம்சவள்ளியின் வலது கையை, லாரி முதலாளி மணவாளன் மண்வெட்டிக் காம்பால் அடித்து முறித்த வழக்கு. மணவாளன் லேசுப்பட்டவர் அல்லர். உள்ளாட்சித் தேர்தல் நடந்தால் கொம்யூன் பஞ்சாயத்துத் தலைவராகப் போகிறவர். தேர்தல் நடக்காததால் பல வருடங்களாகப் போய்க்கொண்டே இருக்கிறவர். நான்கு வருடத்தில் பதினோரு வாய்தா. நான்கு சாட்சிகளும் பல்டி அடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அம்சவள்ளி ஒருத்திதான்.

அம்சவள்ளி அன்றைக்கே போன் செய்தாள். "இன்னா மேடம், உசுரோடத்தான இருக்க? பேனர் பாத்துட்டு எங்கூரே அழுவுது."

"இருக்கேன்மா. நீங்க வியாழக்கிழமை வந்துடுங்க."

"நீ இருந்தா வரேன். வேற வக்கீலு வந்தா கேசுக் கட்ட மொதல்லேர்ந்து படிக்கணும்னு வாய்தா வாங்குவாங்க. அடுத்த மாசம் எம்மவன் என்ன மெட்ராசுக்கு இட்டுகினு போறான். அப்பால இந்தக் கைய யாருகிட்ட போயி காட்டுறது?"

ரூபினா காவல் நிலையத்துக்குப் போனாள். அதிகாரி பேனரின் புகைப்படத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல மிரட்டல் எங்க மேடம் இருக்குது? இமயம்னு மரியாதையாத்தான எழுதிருக்கான்?"

"மறைவு தேதி போட்டிருக்கான் சார்."

"போட்டவன் அக்கறையுள்ளவன். சில பேர் அதக்கூட போடாம வுட்டுடுறான்."

ஆனாலும் கடமை தவறாத அதிகாரி. புகாரை அச்சம் நீக்கும் குழுவுக்கு அனுப்பினார். இடைக்காலப் பாதுகாப்பாக ஏட்டு சுப்புராயனையும் கூட அனுப்பினார். சுப்புராயனுக்கு ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். இரண்டு முழங்காலிலும் வலி. கையில் ஒரு லத்தி, அது பெரும்பாலும் அவர் ஊன்றிக்கொள்வதற்கே சரியாக இருந்தது. ரூபினா ஸ்கூட்டர் ஓட்டுவாள்; பாதுகாப்பு பின்னால் உட்கார்ந்து வரும். கோர்ட்டு வாசலில் இறங்கியதும் அவர் சொல்வார்: "நீங்க முன்னாடி போங்க மேடம். எது வந்தாலும் நான் பின்னாடி பாத்துக்குறேன்."

கொம்யூன் அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. அனுமதி பெறாத பேனருக்கு, அதில் படம் இருப்பவரே பொறுப்பு என்பது அங்கே நெடுநாள் நடைமுறை. புதன்கிழமையே நோட்டீஸ் வந்துவிட்டது. 'காலஞ்சென்ற திருமதி ரூபினா அவர்கள், மேற்படி பேனரை மூன்று தினங்களுக்குள் தம் சொந்த முயற்சியில் அகற்றிக்கொள்ள வேண்டியது.' வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து, எல்லாம் முறைப்படி இருந்தது. பேனரை அகற்ற முடியவில்லை. கட்டியவன் கரண்டுக் கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்தான். நோட்டீஸை மட்டும் அவள் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. மூன்றே உறுப்பினர்கள். தலைவர் இன்னாசிமுத்து. அவருக்கு வலப்பக்கம் சட்ட உறுப்பினர், இடப்பக்கம் பொதுமக்கள் உறுப்பினர். எல்லோருக்கும் பாதாம் பால் வந்தது. அச்சத்தில் இருப்பவருக்குப் பால் ஆகாது என்பதால் ரூபினாவுக்குத் தண்ணீர்.

இன்னாசிமுத்து அவளுடைய விண்ணப்பத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏழாவது கட்டம் காலியா இருக்கேம்மா."

ஏழாவது கட்டம்: 'அச்சுறுத்தியவர் கையொப்பம் (தேதியுடன்).'

"அதுல அவன் எப்படி சார் கையெழுத்துப் போடுவான்?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

ரூபினா விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பி, ஏழாவது கட்டத்தை இன்னொரு முறை படித்தாள்.

"கேக்காமலே போடமாட்டான்னு முடிவு பண்ணிக்கிட்டா எப்படி? கையெழுத்து இல்லாத மிரட்டல நாங்க எந்தக் கணக்குல எடுத்துக்குறது? நாளைக்கி அவரே வந்து நான் மிரட்டலன்னு சொன்னா குழுவோட மானம் என்னாவறது?"

சட்ட உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு சிக்கலும் இருக்கு. மறைவுத் தேதி இன்னும் வரல. அந்தத் தேதி தாண்டினாத்தான் மிரட்டல் நெசமா, சும்மாவான்னு சொல்ல முடியும். நீங்க மறுநா வெள்ளிக்கிழமை நேர்ல வந்து சொன்னீங்கன்னா சௌகரியம்."

பொதுமக்கள் உறுப்பினர் அதுவரை பேனர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு முஸ்லிம் அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வெச்சிருக்கான் பாருங்க. மத நல்லிணக்கம்னா இது." இந்தக் கருத்து ஒருமனதாகக் குறிப்பேட்டில் ஏற்றப்பட்டது.

இவ்வளவு குறைகள் இருந்தும் குழு அவளைக் கைவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விதி பதினெட்டை இன்னாசிமுத்து எழுந்து நின்றே படித்தார்: 'ஆபத்தும் ஆபத்துக்குள்ளானவரும் ஒரே இடத்தில் இருத்தலாகாது.' ஆகவே இருவரில் ஒருவரை நகர்த்த வேண்டும். ஆபத்துக்கு இங்கே வீடு, மனைவி, ஒன்பது லாரி, ஒரு கல்யாண மண்டபம் எல்லாம் இருக்கின்றன. ரூபினாவிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர்.

"யானாமுக்கு மாத்தல் போடுறோம். தெலுங்குப் பக்கம் இருந்தாலும் நம்ம அரசாங்கத்து ஊருதான். நல்ல ஊரும்மா, கோதாவரி ஓடுது."

"வியாழக்கிழமை சாட்சி விசாரணை இருக்கு சார். அதுக்கு முன்னால நான் போனா வழக்கே போச்சு. எனக்குத் தெலுங்கும் தெரியாது."

"அதுதாம்மா பாதுகாப்பே. அங்க எவன் மிரட்டினாலும் உங்களுக்குப் புரியாது."

ரூபினாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வெளியே பைக் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. பதினோரு வாய்தாவுக்கும் சேதராப்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஒரு பெண்ணிடம், 'என்னைப் பத்திரமா அனுப்பிட்டாங்கம்மா' என்று எந்த வாயால் சொல்வது?

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு சுப்புராயன் மாற்றல் உத்தரவோடு வந்து நின்றார். பின் சீட்டில் ஏறத் தயாராக ஹெல்மெட்டும் போட்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க மேடம். வாங்கின நிமிஷத்துலேர்ந்து நீங்க யானாம். இங்க எந்தக் கேசும் நடத்தக் கூடாது."

ரூபினா உத்தரவைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து கொம்யூன் நோட்டீஸை எடுத்து நீட்டினாள். "ஏட்டய்யா, இத கொஞ்சம் படிங்க."

"காலஞ்சென்ற திருமதி ரூபினா அவர்கள்..."

"முத்திரை இருக்கா?"

"இருக்குது மேடம். பச்ச மை வேற."

"பேனர்ல மறைவு என்னைக்கு?"

"இன்னைக்குத்தான்."

"செத்தவங்க கையெழுத்துப் போட்டு ஆர்டர் வாங்கலாமா?"

முப்பத்து நான்கு வருட சர்வீஸில் சுப்புராயன் விதியை மீறியது கிடையாது. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்து யோசித்தார். "அதுக்கு ரூல் இல்ல மேடம்" என்றார். பிறகு லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உத்தரவின் பின்பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'பெறுநர் கொம்யூன் ஆவணப்படியும் பேனர் தேதிப்படியும் இன்று காலமாகிவிட்டபடியால் உத்தரவை ஒப்படைக்க இயலவில்லை.' எழுதும்போது அவர் சிரித்தாரா என்பது ஹெல்மெட்டுக்குள் இருந்த விஷயம்.

"ஆனா நாளைக்கி உசுரோட வந்து வாங்கிக்கணும் மேடம். என் பென்ஷன் இருக்குது."

"வாங்கிக்குறேன் ஏட்டய்யா."

காலஞ்சென்ற ரூபினா பதினொரு மணிக்கு எழுந்து நின்று சாட்சியை விசாரித்தாள். வெள்ளைச் சட்டையில் வந்திருந்த மணவாளன் அவளைப் பார்த்ததும், கருமாதிக்கு வந்தவன் செத்தவரையே வாசலில் கண்டதுபோல் விழித்தார். "அடிச்சவர் இந்த கோர்ட்ல இருக்காராம்மா?" என்று கேட்டாள் ரூபினா. அம்சவள்ளி கோணலாகக் கூடிப்போயிருந்த வலது கையைத் தூக்கினாள். அது நேராக நீளவில்லை. ஆனாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது.

"தோ, வெள்ள சட்ட. அவருதாங்க."

மணவாளனின் வக்கீல் ஒரு மணி நேரம் குறுக்கே கேட்டார். அம்சவள்ளி ஒரு சொல்லும் மாற்றிச் சொல்லவில்லை. எல்லாம் பதிவானது. வெளியே வந்ததும் ரூபினா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள்.

மாலை வீடு திரும்பும்போது மூலக்குளம் சந்திப்பில் அஞ்சலி பேனர் இல்லை. அதே கம்பத்தில் புதியது ஒன்று. 'அரசு உதவி வழக்கறிஞரைப் பத்திரமாக யானாமுக்கு வழியனுப்பி வைத்த அச்சம் நீக்கும் குழுவினருக்கு நெஞ்சார்ந்த நன்றி! இவண்: வருங்காலத் தலைவர் மணவாளன்.' மேலே வரிசையாகக் குழு உறுப்பினர்கள் மூவரின் முகங்கள். கீழ் மூலையில் வில்லியனூர் பேனர் கடை ஒன்றின் பெயர். மிரட்டும்போது எச்சரிக்கையாக இருக்கிற மனிதன் நன்றி சொல்லும்போது அதை மறந்துவிடுகிறான்.

ரூபினா ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

கடைக்கார அஷ்ரப் அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டான். "வாங்க மேடம்! நேர்ல பாத்தா இன்னும் சின்ன வயசா இருக்கீங்க. அஞ்சலி பேனரும் நம்ம கடதான். கட பேரு மட்டும் வேணாம்னுட்டாங்க. ஒங்க மொகத்த ரெண்டு பாயிண்ட் வெள்ளையாக்கி குடுத்தேனே, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் தம்பி. நன்றி பேனர் எப்ப ஆர்டர் குடுத்தாங்க?"

"ரெண்டும் ஒண்ணாத்தான். மணவாளன் அண்ணனே வந்தாரு. அஞ்சலிய திங்கக்கெழம கட்டு, நன்றிய அதுக்கு அடுத்த வார வியாழக்கெழம கட்டுன்னாரு."

"அப்ப குழு கூடவே இல்லியே. அவங்க போட்டோ எப்படிக் கெடச்சுது?"

"அவரு கொண்டாந்த கவர்லயே இருந்துச்சு மேடம். பாஸ்போர்ட் சைஸ், மூணு. திருப்பிக் கேட்டு யாரும் வர்ல." அஷ்ரப் மேசை இழுப்பறையிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தான்.

ரூபினா படங்களைத் திருப்பிப் பார்த்தாள். அரசு உத்தியோகத்தில் ஊறிய கை. பாஸ்போர்ட் அளவுப் படத்தை யாருக்குக் கொடுத்தாலும், எதற்குக் கொடுத்தாலும், பின்னால் பெயரும் பதவியும் எழுதி, கையொப்பமிட்டு, தேதி போடாமல் கொடுக்காது. மூன்றிலும் போட்டிருந்தது. குழு கூடுவதற்கு ஆறு நாள் முந்தைய தேதி; அஞ்சலி பேனர் ஏறுவதற்கே இரண்டு நாள் முந்தையது.

அவள் கைப்பையிலிருந்து தன் விண்ணப்பத்தின் நகலை எடுத்தாள். அஷ்ரப்பிடம் பசை கேட்டு வாங்கி, மூன்று படங்களையும் முகம் உள்ளே போகும்படி, கையொப்பம் வெளியே தெரியும்படி, வரிசையாக ஒட்டினாள்.

ஏழாவது கட்டம் நிரம்பிவிட்டது.