கடைசி வரி இல்லாத ஏடு

இதில் ஓர் எழுத்தும் பிசகில்லை. எலும்பறிய, மஜ்ஜையறிய, கீழே நடந்துபோகும் அந்தப் பெரிய பாதமறிய இது சத்தியம்.

முன்னொரு காலத்தில், ஒரு தொடையெலும்புக்குள், வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒரு நாடு இருந்தது. இளஞ்சிவப்பு மூடுபனி எந்நேரமும் மிதக்கும். அங்கே யாரும் பிள்ளை பெறுவதில்லை. குடிமகன் தன் ஏட்டைப் படியெடுத்துவிட்டுத் தானே இரண்டாகிவிடுவான். அதற்குமுன் சரிபார்ப்பாளர் காத்தமுத்துவின் நாற்காலிக்கு எதிரே நிற்க வேண்டும். பிழை இருந்தால், "கொஞ்சம் இருப்பா" என்பார். திருத்த முடியாத பிழையென்றால், வந்தவன் பாயைச் சுருட்டிக்கொண்டு பனிக்குள் போய்க் கரைந்துவிடுவான். கசப்பான வழக்கம்தான். ஆனால் சுவர் நின்றது.

ஒருநாள் பேரமைச்சர் வளர்பிறையாரின் மைத்துனர் வந்தார். அவர் ஏட்டில் 'போதும்' என்ற கடைசி வரியைக் காணோம். காத்தமுத்து பாயைக் காட்டினார்.

மறுநாளே ஆணை பிறந்தது: சரிபார்ப்பு, வளர்ச்சிக்கு இடையூறு. காத்தமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தி, நாற்காலியை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அடுத்த ஆணை, கரைவது தேசத்துரோகம் என்றது. மைத்துனர் இரண்டானார், நாலானார், தெருவானார். அவர்களுக்காக நாட்டின் செந்நீர் ஆற்றைத் திருப்பியதில் மற்றவர்களின் வாய்க்கால் வறண்டது. மூன்றாம் ஆணை, வீடு கட்ட இடம் வேண்டும், சுவரைக் குடையுங்கள் என்றது.

சுவர் முனகுவது காத்தமுத்துவுக்குக் கனவிலும் கேட்டது. சபைக்குப் போனார்.

"ஐயா, சுவரத் தின்னுட்டுக் கூரைய எதுமேல வைப்பீங்க?"

"காத்தமுத்து, வளர்ச்சி உம் கண்ணை உறுத்துகிறதோ? மக்களே தீர்ப்பளிக்கட்டும்."

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரித்து எண்ணாயிரம் கைகள், எல்லாவற்றுக்கும் ஒரே முகம். எதிர்த்து ஒரு கை.

"ஒத்தக் கைய வச்சுக்கிட்டு நாட்டையா தாங்கப்போற?" என்றார் மைத்துனர்களில் ஒருவர்.

காத்தமுத்து அந்தக் கையைக் கொண்டுபோய்ச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

கீழே அந்தப் பாதம் வழக்கம்போல ஒரு படி இறங்கியது. பெருமூச்சு விடுவதுபோல மெல்லச் சுவர் பிளந்தது. "இதுவும் விரிவாக்கமே" என்று வளர்பிறையார் அறிவித்தார். மைத்துனர்கள் பலர் அதற்கு முன்பே ஆற்றோடு, நெஞ்சுக்கூட்டிலிருக்கும் மூச்சு நாட்டுக்குக் கப்பலேறியிருந்தார்கள். அங்கே தேர்தல் வருகிறதாம்.

இந்த வரலாறு, நாற்காலி போன பிறகு, அந்த மைத்துனர்களின் கையால் எண்ணாயிரம் முறை படியெடுக்கப்பட்டு வந்தது.